காலையில் சென்னை, மதியம் பெங்களூரு, இரவு வீடு: குடும்பத்தோடு ஒரு நாள் ரயில் பயணம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அன்றைக்கே திரும்ப முடியுமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போய் வரலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்று. திரும்பி வரும் ரயிலில் இடம் உறுதியான பிறகுதான் போகிற ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

நாங்கள் முதல் தடவை போனபோது இதைத் தலைகீழாகச் செய்தோம். அதிகாலை வண்டியில் ஐந்து பேருக்கும் இடம் கிடைத்த சந்தோஷத்தில், வருகிற டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் இருந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலைந்து எண்தானே, வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. அன்று ராத்திரி பேருந்தில் ஏறி, என் அம்மா கால் வீங்கி, பையன் என் மடியில் கோணலாகத் தூங்கி, விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தோம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முறை கூப்பிட்டபோது மட்டும், "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றார். அவரை மறுபடி சம்மதிக்க வைக்க ஒரு வருஷம் ஆனது. அந்த இரண்டாவது பயணத்திலிருந்தும் அப்புறம் போன பயணங்களிலிருந்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரயிலைத் தேர்ந்தெடுங்கள்

சென்னை சென்ட்ரலுக்கும் பெங்களூருக்கும் சுமார் 360 கிலோமீட்டர். ஒரே நாளில் போய் வருவதற்குக் காலையில் இரண்டு வண்டிகள் பொருந்தும்: மைசூரு வந்தே பாரத், மைசூரு சதாப்தி. இரண்டுமே காலை ஆறு மணியை ஒட்டிக் கிளம்புகின்றன. வந்தே பாரத் பத்து மணி சுமாருக்குப் பெங்களூரு போய்விடும். சதாப்தி அதற்குப் பின்னால் வரும். 2022 நவம்பரில் தொடங்கிய இந்த வந்தே பாரத்துதான் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத்.

1964-லிருந்து ஓடுகிற பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போகலாம், கட்டணமும் குறைவு. ஆனால் அது சென்னையிலிருந்து ஏழு மணிக்கு மேல் கிளம்பி மதியம்தான் போய்ச் சேரும். ஒரு நாள் பயணத்துக்கு ஒத்துவராது. ஓர் இரவு தங்குவதானால் அதில் போங்கள்.

திரும்பி வர, மாலை நான்கு மணியைத் தாண்டிப் பெங்களூரில் புறப்படும் சதாப்தி நல்லது. இரவு ஒன்பது, ஒன்பதேகால் வாக்கில் சென்ட்ரல் வந்துவிடும். அதே வந்தே பாரத்தில் திரும்பலாமே என்று தோன்றும். அது மூன்று மணி வாக்கிலேயே கிளம்பிவிடுகிறது. நான்கு மணி நேரம் போய், நான்கு மணி நேரம் சுற்றி, நான்கு மணி நேரம் வருவது என்றால் சுற்றுகிற நேரம் போதாது. சதாப்தியில் வந்தால் கையில் ஆறு மணி நேரம் நிற்கும்.

இரவு மெயிலில் படுத்துக்கொண்டு வரலாம் என்றும் சிலர் சொல்வார்கள். இளைஞர்களுக்குச் சரி. பிள்ளைகளோடு போனால் மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்தரை வரை எங்கே உட்காருவது என்ற கேள்வி வரும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

ரயில்வே நேர அட்டவணை அவ்வப்போது மாறும். வந்தே பாரத்துக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உண்டு. அதனால் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டே மற்றதை முடிவு செய்யுங்கள்.

எந்தக் கிழமை?

சனிக்கிழமை. வீட்டுக்கு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும், மறுநாள் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரின் கப்பன் பூங்காவுக்குள் வண்டிகளை விடமாட்டார்கள் என்பது அந்த நாளுக்கு ஒரு நல்ல அம்சம். ஆனால் திங்கள் காலை பள்ளிக்கு எழுப்பும்போது அது நினைவில் நிற்காது. சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும், ஊரே அங்கே திரண்டிருக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது, பழைய கணக்கில் இருக்கிறவர்கள் கவனிக்கவும். போகும் நாளும் வரும் நாளும் ஒன்றே என்பதால் இரண்டு வண்டிக்கும் பதிவு ஒரே நேரத்தில் தொடங்கும். வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு கணக்கில் உட்கார்ந்து, ஒருவர் வருகிற வண்டியையும் இன்னொருவர் போகிற வண்டியையும் எடுக்கலாம். ஒரே ஆள் என்றால், சொன்னேனே, வருகிற வண்டி முதலில். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஓடிபி வராமல் தவிக்க வேண்டாம்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை சேர்க்கலாம். சேர் காரில், அதாவது உட்கார்ந்து மட்டும் போகிற ஏசி பெட்டியில், ஒரு வரிசைக்கு ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கைகள். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரே டிக்கெட்டில் எடுத்தால் பெரும்பாலும் அடுத்தடுத்து இடம் அமையும். தனித்தனியாக எடுத்தால் ஆளுக்கொரு பெட்டியாகப் போய்விடும்.

குழந்தைகள் விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அரை டிக்கெட் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். படுக்கை வசதி உள்ள வகுப்புகளில், படுக்கை வேண்டாம் என்றால் அது இப்போதும் உண்டு. சேர் காரில் அந்த வழி கிடையாது, முழுக் கட்டணம்தான். மூத்த குடிமக்களுக்கான சலுகையும் 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே பாட்டியிலிருந்து பேரன் வரை எல்லோருக்கும் முழு டிக்கெட் என்றே செலவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று பதிவின்போதே கேட்பார்கள். போகும்போது வேண்டாம் என்றும், வரும்போது வேண்டும் என்றும் குறிப்பது எங்கள் வழக்கம். காலையில் வீட்டு இட்லி இருக்கும். மாலையில் யாருக்கும் எதையும் எடுத்துப் பரிமாறத் தெம்பு இருக்காது.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் முழுதும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டி ஏறக் கூடாது. அதிகாலை வண்டிகளுக்கு முந்தைய நாள் இரவே சார்ட், அதாவது யாருக்கு இடம் உறுதி என்ற இறுதிப் பட்டியல், தயாராகிவிடுகிறது, தூங்கப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிலையத்தின் பெயரைச் சரிபாருங்கள்

பெங்களூரில் ரயில் நிலையங்கள் பல. நமக்கு வேண்டியது கே.எஸ்.ஆர். பெங்களூரு, பழைய ஆட்கள் மெஜஸ்டிக் என்று சொல்கிற இடம். யஷ்வந்த்பூர் வேறு. 2022-ல் திறந்த சர் எம். விஸ்வேஸ்வரய்யா முனையம் வேறு, அது பையப்பனஹள்ளி பக்கம் இருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே விஸ்வேஸ்வரய்யா பெயரில் ஊர் நடுவில் ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. நாம் பார்க்கப் போகிற அருங்காட்சியகமும் அவர் பெயரில்தான். ஆட்டோக்காரரிடம் "விஸ்வேஸ்வரய்யா" என்று மட்டும் சொன்னால் மூன்றில் எங்கே வேண்டுமானாலும் போய் இறங்கலாம். "கஸ்தூர்பா ரோடு மியூசியம்" என்று சொல்லுங்கள்.

முந்தைய நாள் இரவு

பையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதுகுப்பை போதும். ஏசி பெட்டியில் குளிரும், ஆளுக்கொரு மெல்லிய ஸ்வெட்டர் அல்லது சால்வை வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் அங்கேயும் அது உதவும். செப்டம்பர், அக்டோபரில் போனால் ஒரு குடை. அப்புறம் சின்னப் பிள்ளைக்கு ஒரு மாற்று உடை, மாத்திரைகள், ஈரத்துணி, ஒரு பிளாஸ்டிக் பை, பவர் பேங்க். அசல் அடையாள அட்டை ஒருவரிடம் இருந்தாலே டிக்கெட்டுக்குப் போதும் என்றாலும், பெரியவர்கள் எல்லோரும் எடுத்துவருவது நல்லது.

இட்லியை என் அம்மா கட்டுகிற விதத்தைச் சொல்கிறேன், நான் பார்த்த வரையில் இதுதான் கெடாமல் நிற்கிறது. இட்லியை எடுத்ததும் தட்டில் பரப்பி நன்றாக ஆற விடுவார். சூட்டோடு அடுக்கினால் வியர்த்துப்போகும் என்பார். அப்புறம் பொடியில் நல்லெண்ணெய் குழைத்து ஒவ்வொரு இட்லிக்கும் இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் நாலு நாலாகப் பொட்டலம் கட்டுவார். சட்னி கிடையாது, சாம்பார் கிடையாது, சிந்துவதற்கும் ஒன்றும் இல்லை. கடைக்குட்டிக்கு மட்டும் ஒரு சின்ன டப்பாவில் தயிர் சோறு: சோற்றைக் குழைய மசித்து, ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு ஸ்பூன். மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும்.

சென்ட்ரலுக்குப் போவது

ஐந்தேகாலுக்கு சென்ட்ரலில் இருக்க வேண்டும். முதல் மெட்ரோ ஐந்து மணி சுமாருக்குத்தான் கிளம்புகிறது, அதை நம்ப முடியாது. தாம்பரம் மார்க்கத்தில் இருப்பவர்களுக்கு அதிகாலை மின்சார ரயில் உண்டு, பூங்கா நிலையத்தில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாக எதிர்ப்பக்கம் வந்துவிடலாம். பெரியவர்கள் இருந்தால் முந்தைய நாளே ஒரு டாக்சிக்குச் சொல்லி வைப்பது நிம்மதி. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு நிலையத்தில் பேட்டரி வண்டியும் சக்கர நாற்காலியும் கிடைக்கும். அதற்காக இன்னும் ஒரு பத்து நிமிஷம் முன்னால் போங்கள்.

வந்தே பாரத்தின் கதவுகள் தானாக மூடிக்கொள்ளும். ஓடி வந்து தொற்றி ஏறுவதெல்லாம் நடக்காது. வழியனுப்ப வந்தவர்கள் பையை வைத்துத் தருகிறேன் என்று உள்ளே ஏறவும் கூடாது. கதவு மூடிவிட்டால் காட்பாடி வரை போய்த் திரும்ப வேண்டியதுதான்.

வழியில்

சேர் காரில் பாதி இருக்கைகள் வண்டி போகும் திசைக்கு எதிராக இருக்கும். யாருக்காவது தலைசுற்றல் வரும் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், மாட்டேன் என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

காட்பாடி தாண்டும் வரை பிள்ளைகளைத் தூங்க விடுங்கள். அதற்கப்புறம் எழுப்பி ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பாலாற்றுச் சமவெளி வருகிறது, பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். இடதுபக்கம் ஜவ்வாது மலை கூடவே வரும். வாணியம்பாடி கடந்ததும் ஏலகிரி தெரியும். ஜோலார்பேட்டைக்குப் பிறகு பாதை மேலே ஏறத் தொடங்கும், வண்டியின் வேகம் குறையும், வளைவில் முன்பெட்டிகள் கண்ணில் படும். இருபுறமும் பாறைக் குன்றுகள். குப்பம் ஆந்திரா, பங்காருப்பேட்டை கர்நாடகா. ஒரே காலையில் மூன்று மாநிலம் என்று என் மகள் விரல் விட்டு எண்ணினாள். நிலையப் பலகைகளில் எழுத்து தமிழிலிருந்து தெலுங்குக்கும், அங்கிருந்து கன்னடத்துக்கும் மாறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பெங்களூரில் ஆறு மணி நேரம்

ஆறு மணி நேரம் என்பது நிறையப் போலத் தோன்றும். இறங்கி வெளியே வருவதற்கும் கடைசியில் திரும்பி வந்து காத்திருப்பதற்கும் ஒன்றரை மணி போகும். சாப்பாட்டுக்கு ஒரு மணி. மீதி மூன்றரை. அதில் இரண்டு இடத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம், அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அரண்மனை, பன்னர்கட்டா, இஸ்கான் என்று பட்டியல் போட்டவர்கள் அந்த நாளில் பாதியைச் சாலை நெரிசலில் உட்கார்ந்து கழித்திருக்கிறார்கள்.

முதல் தடவை போகிற குடும்பத்துக்கு நான் சொல்வது விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகமும் கப்பன் பூங்காவும்தான். ரயில் நிலையத்தின் பின்பக்க வாசலை ஒட்டியே ஊதா வழித்தட மெட்ரோ நிலையம் இருக்கிறது. முன்வாசலில் இறங்கினால் சுரங்கப்பாதையில் பேருந்து நிலையம் கடந்து மெஜஸ்டிக் மெட்ரோவுக்கு நடக்க வேண்டும். அம்மாவோடு போகும்போது பின்பக்கம்தான் எளிது. அங்கிருந்து நான்காவது நிறுத்தம் கப்பன் பூங்கா, பத்து நிமிஷம்கூட ஆகாது. டிக்கெட் க்யூஆர் முறையில் போனிலேயே எடுத்துவிடலாம்.

அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள், பிள்ளைகள் களைப்பாவதற்கு முன். 1962-ல் நேரு திறந்துவைத்தது. வெளியே நிற்கும் மாருத் போர் விமானம் பெங்களூரிலேயே செய்யப்பட்டது, 1961-ல் முதன்முதலாகப் பறந்தது. உள்ளே ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு முழு அளவு மாதிரி இருக்கிறது. இயந்திரக் கூடத்தில் பொத்தானை அழுத்தினால் பெரிய பல்சக்கரங்கள் சுற்றும். என் பையன் ஒரே பொத்தானைப் பதினைந்து தடவை அழுத்தினான். சின்னச் சக்கரம் நாலு சுற்று சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்று சுற்றுகிறது என்று அவனாகவே எண்ணிச் சொன்னபோது, அடுத்த மாடிக்குப் போகலாம் வா என்று அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. எல்லா மாடியையும் பார்த்தே தீர வேண்டும் என்று இல்லை. இரண்டு மணி நேரம் போதும்.

அப்புறம் சாப்பாடு. லால்பாக் சாலையில் 1924-லிருந்து இருக்கிற எம்டிஆர் புகழ்பெற்றது, ரவா இட்லி அங்கே பிறந்தது என்பார்கள். ஆனால் காத்திருப்பு அதிகம், ஆறு மணி நேரக் கணக்கில் அது இடிக்கும். பூங்காவைச் சுற்றியுள்ள சாதாரணச் சைவ ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெங்களூருக்கே உரிய தர்ஷினிகளில் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். பெரியவர்களுக்கு அது சரிப்படாது, ஒரு காபிக்கு ஒதுங்கலாம். சாம்பார் லேசாக இனிக்கும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பூங்காவுக்குள் கட்டுச்சோறு விரிக்கலாம் என்று மட்டும் திட்டமிட வேண்டாம்.

சாப்பிட்டபின் கப்பன் பூங்கா. 1870-ல் உருவானது, சுமார் 300 ஏக்கர். முழுக்கச் சுற்ற நினைக்காதீர்கள். சிவப்பு நிறத்தில் நிற்கும் மாநில மத்திய நூலகம் வரை நடந்து, மூங்கில் நிழலில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்காருங்கள். பெரியவர்கள் அரை மணி கால் நீட்டட்டும், பிள்ளைகள் ஓடட்டும். எங்கள் அம்மாவுக்கு அன்றைய நாளில் பிடித்தது அந்த அரை மணிதான்.

இதையெல்லாம் ஏற்கெனவே பார்த்தவர்கள் லால்பாக் போகலாம். மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் பூங்காவின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 1889-ல் கட்டிய கண்ணாடி மாளிகை, முந்நூறு கோடி ஆண்டுப் பழமையான பாறை. ஆனால் நடை அதிகம்.

பெங்களூரில் தமிழ் பேசினால் புரிந்துகொள்பவர்கள் நிறைய. இருந்தாலும் பேச்சைக் கன்னடத்தில் தொடங்கினால் எதிரில் இருப்பவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். எஷ்டு என்றால் எவ்வளவு, எல்லி என்றால் எங்கே, ஊட்டா என்றால் சாப்பாடு, சாக்கு என்றால் போதும். பிள்ளைகள் ரயிலிலேயே இந்த நாலையும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். ஆட்டோ வேண்டுமென்றால் நம்ம யாத்ரி போன்ற செயலியில் கூப்பிடுங்கள், வாடகைப் பேரம் இருக்காது.

திரும்புதல்

மூன்று மணிக்குப் பூங்காவை விட்டுக் கிளம்புங்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். திரும்பும்போதும் மெட்ரோதான், அந்த நேரத்துச் சாலையை நம்பி ரயிலைப் பிடிக்க முடியாது. வண்டி மைசூரிலிருந்து வருவதால் பெங்களூரில் சில நிமிஷங்களே நிற்கும். நடைமேடை எண்ணை அறிவிப்புப் பலகையில் பார்த்து, உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்திலேயே நில்லுங்கள். பெரியவர் ஒருவர் முதலில் ஏற, நடுவில் பிள்ளைகள், கடைசியில் இன்னொரு பெரியவர். ஏதாவது சிக்கல் என்றால் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைக்கலாம்.

சென்ட்ரலில் இறங்கும்போது மெட்ரோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், இரவு பதினொரு மணி வரை உண்டு. வீட்டுச் சாவியைக் காலையிலேயே முதுகுப்பையின் வெளிப்பக்க ஜிப்பில் போட்டு வையுங்கள். தூங்கிப்போன பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மற்ற கையால் பைக்குள் சாவியைத் துழாவுவது கஷ்டம்.